பொம்மையின் கைக்கம்பி ஏன் வளைந்தே நிற்கிறது?

கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஆசிரியை நான். மாணவர்களின் பொம்மலாட்டத்துக்காக 2 அடி உயரத்தில், வாயசைக்கும் துணிப் பொம்மைகள் ஆறு செய்திருக்கிறோம். கைகளை ஆட்டுவதற்கு வேலிக் கம்பியைப் பொருத்தினோம். நான்கு ஒத்திகைக்குள் எல்லாக் கம்பிகளும் நெளிந்துவிட்டன. பள்ளிக்குப் பொருள் கொண்டுவரும் விநியோகிப்பாளர், வெளிநாட்டு அலுமினியக் கம்பிதான் உறுதியானது, துருவும் பிடிக்காது என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அலுமினியம் துருப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் உங்களுடைய குறை துரு அன்று. அதே தடிமனுள்ள எஃகுக் கம்பியின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு உண்டு. அதைப் போட்டால் பொம்மையின் கை இப்போதைவிட அதிகமாகத் துவளும்.

மாணவர் கையில் எந்தக் கம்பியும் வளையத்தான் செய்யும். வளைந்த கம்பி கையை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். வேலிக் கம்பி முறுக்கிக் கட்டுவதற்கென்றே மென்மையாகச் செய்யப்படுவதால், அது வளைந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது பியானோ கம்பி என்று சொல்லப்படும் வில் எஃகுக் கம்பி. ஈப்போவில் மாதிரி விமான உதிரிப்பாகங்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். நேராக்கிய துண்டுகளாக, பெரும்பாலும் 3 அடி நீளத்தில் விற்பார்கள். சுருளாக வைத்திருப்பதை வாங்க வேண்டாம், அதை நேராக்க உங்களால் முடியாது. கடையிலேயே ஒரு துண்டை இரு கைகளிலும் பிடித்து வில்போல் மெல்ல வளைத்து விடுங்கள். சட்டென்று நேராகிவிட்டால் காசைக் கொடுங்கள். இல்லையென்றால் அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பொம்மைக்கு 3 மில்லிமீட்டர் தடிமன் சரியாக இருக்கும். 2 மில்லிமீட்டர் கம்பியைவிட இதன் விறைப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. நீளத்தையும் கவனியுங்கள்: 50 சென்டிமீட்டர் கம்பியை 40 ஆகக் குறைத்தால், அதே எடைக்கு நுனி தாழ்வது பாதியாகிவிடும். ஆட்டுபவரின் முழங்கை இடிக்காத அளவுக்கு எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். அதற்குச் செலவே இல்லை.

தமிழ்நாட்டுப் பொம்மலாட்டத்தில் இரும்புக் கம்பிதானே கையை ஆட்டுகிறது என்று சிலர் கேட்பார்கள். அந்த மரப் பொம்மைகள் நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும்கூட இருக்கும். ஆட்டுபவரும் பின்னால் நின்று, கம்பியை மேலிருந்து பிடித்து ஆட்டுகிறார். அந்தப் பொம்மை தாங்கும் கம்பியை உங்கள் துணிப் பொம்மையின் மணிக்கட்டு தாங்காது. கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் என்னும் தோல் நிழற்கூத்தில் கைக்கு மெல்லிய மூங்கில் குச்சியே போதும். தோல் உருவம் எடை குறைந்தது, திரையில் சாய்ந்து நிற்பது.

இனி விநியோகிப்பாளர்களைப் பற்றி. இவர்கள் அடுத்து ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று ஒரு கம்பியை நீட்டுவார்கள். பல நேரங்களில் அது முலாம் பூசிய சாதாரண இரும்பாக இருக்கும். காந்தம் ஒட்டினால் போலி, ஒட்டாவிட்டால் அசல் என்று ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கம்பி விஷயத்தில் அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. துருப்பிடிக்காத எஃகை விறைப்பான கம்பியாக இழுக்கும்போது அதன் உள்ளமைப்பு சற்று மாறி, காந்தம் இலேசாக ஒட்டத் தொடங்கும். நல்ல சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் காந்தத்தை வைத்துப் பாருங்கள், அசலாக இருந்தும் மெல்லப் பிடிக்கும். ஆகவே இலேசாக ஒட்டுகிறது என்பதற்காக நல்ல கம்பியைத் தள்ளிவிடவும் வேண்டாம், பலமாகக் கவ்வும் கம்பியை அசல் என்று நம்பவும் வேண்டாம். ஒரு முனையை வெட்டி, உப்புநீரில் நனைத்த துணியைச் சுற்றி இரண்டு இரவு வையுங்கள். வெட்டிய முகம் செம்மண் நிறத்துக்கு மாறினால் முலாம்தான். (அந்த ஸ்போக்ஸ் கம்பி ஒரு சாண் அளவுள்ள கைப்பொம்மைகளுக்கு மிகவும் நல்லது; உங்களுக்கு நீளம் போதாது.)

பள்ளி என்றால் கொட்டேஷன் வேண்டும், பதிவு பெற்ற விநியோகிப்பாளர் வேண்டும் என்பார்கள். சில துண்டுக் கம்பிக்குக் கொட்டேஷன் எழுதித் தரும் பொறுமை எந்தச் சிறு கடைக்காரருக்கும் கிடையாது. அதனால் இடையில் ஒருவர் நுழைந்து, அதே கம்பியைப் பெட்டியில் போட்டு, ‘நாடகக் கலைத் தொகுப்பு’ என்று பெயரிட்டுப் பல மடங்கு விலைக்குத் தள்ளிவிடுகிறார். படிவம் ஒழுங்காக இருக்கிறது, பொம்மையின் கைதான் தொங்குகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் கேட்டு நேரில் போய் வாங்குவதே நல்லது.

கார்பன் இழைக் கம்பியையும், புதிய குடைகளில் வரும் கண்ணாடியிழைக் கம்பியையும் பள்ளிக்குள் கொண்டுவராதீர்கள். உடைந்தால் ஊசி ஊசியாகப் பிளந்து பிள்ளைகளின் தோலில் ஏறும்.

வில் எஃகைச் சாதாரணக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் பிளேயரின் வாய்தான் பல்லுப் பல்லாகும். முக்கோண அரத்தால் சுற்றிலும் கோடு அறுத்து, வைஸில் இறுக்கி, மேலே துணியைப் போட்டு ஒடியுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் செய்யக் கூடாது, இதை மாணவரிடம் கொடுக்கவும் கூடாது. நுனியில் வளையம் வேண்டுமென்று நெருப்பில் காய்ச்சிவிடாதீர்கள். தொடக்க காலத்தில் நான் ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்தேன். அந்த அண்ணன் செக்கச் சிவக்கக் காய்ச்சி, மோதிரம் போல அழகான வளையமாக வளைத்துத் தந்தார். மேடையில் அரசர் வாளை உயர்த்தியபோது கம்பி சரியாக அந்த இடத்தில் மடங்கி, வாள் அவருடைய மடியிலேயே விழுந்தது. சிவக்கக் காய்ச்சிய இடம் வேலிக் கம்பியாகிவிடுகிறது. குளிர்ந்த நிலையிலேயே, ஒரு தடித்த போல்ட்டைச் சுற்றிப் பெரிய வளையமாக வளையுங்கள். கூர் மடிப்பாக மடக்கினால் ஒடிந்துவிடும். அந்த வளையத்தைப் பொம்மையின் உள்ளங்கைக்குள் வைத்து, சற்று அசையும்படி தளர்வாகத் தைத்துவிடுங்கள்.

கீழ்முனையை ஒரு விரற்கடை அளவு எல் (L) வடிவில், இங்கும் கூர் மடிப்பாக இல்லாமல், மடக்கி, துளையிட்ட உருட்டு மரப் பிடிக்குள் எபோக்ஸி பசையோடு புதையுங்கள். அந்த மடிப்பு இல்லாவிட்டால் பிடி சுழலும், கை திரும்பாது. பிடியின்மேல் பூப்பந்து மட்டைக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றினால் வியர்வையில் வழுக்காது. வில் எஃகு துருப்பிடிக்கும் என்பதால், உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பில்லாத சாயத்தை இருமுறை தெளியுங்கள். எல்லாரும் கறுப்பு பூசச் சொல்வார்கள். உங்கள் பின்திரை நீலமென்றால் நீலமே பூசுங்கள்.