அண்ணன் தரும் சீரும் அப்பா வீட்டுப் பங்கும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன ஆகஸ்ட்டில் என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து கையில் ராக்கியோடு வந்தான். கூடப் படிக்கிற பெண் கட்டிவிட்டாளாம். "இது சேட்டு வீட்டுப் பண்டிகை, நமக்கு எதுக்கு, அவுத்துப் போடு" என்று மாமியார் சொல்லிவிட்டார். செய்யலாமா?
வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: அவிழ்க்க வேண்டாம் அம்மா. நம் வீடுகளில் இந்த வழக்கம் இல்லை என்று உங்கள் மாமியார் சொல்வது சரிதான், ஆனால் ஒரு குழந்தை ஆசையாகக் கட்டிவிட்டதைக் கழற்றச் சொன்னால் பையன் அதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்? அது கயிறு நைந்து தானாக விழட்டும். நாளும் நமக்குப் புதிதில்லை, சிராவண மாதப் பௌர்ணமி, நம் பக்கம் ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றுகிற சமயம், 2025-இல் இரண்டுமே ஆகஸ்ட் 9 அன்றுதான் வந்தன. புராணக் கதையில் போருக்குப் புறப்படும் இந்திரன் கையில் ரட்சை கட்டுவது தங்கைகூட இல்லை, மனைவி இந்திராணி. 1905-இல் வெள்ளைக்காரன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தபோது, இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருவர் கையில் ஒருவர் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று தாகூர் கூப்பிட்டார், ஜனங்கள் தெருவில் இறங்கிக் கட்டிக்கொண்டார்கள். இவ்வளவு பேர் கை மாறி வந்த கயிற்றை ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தம் என்று சொல்ல முடியாது.

ராக்கி சமயத்தில் சௌகார்பேட்டை பக்கம் போனால் ராக்கிக் கடைகளில் 'லும்பா' என்று கேட்டுப் பாருங்கள். மார்வாடி வீடுகளில் அண்ணனுக்குக் கட்டும்போதே அண்ணியின் வளையலிலும் ஒன்று கட்டித் தொங்கவிடுவார்கள், அதுதான் லும்பா. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது.

கேள்வி: எங்கள் மாடியில் இருக்கிற குஜராத்தி அக்கா தீபாவளி முடிந்தும் இன்னொரு பண்டிகை இருக்கிறது, அன்றைக்கு அவர் தம்பி சாப்பிட வருவார் என்கிறார். அது என்ன?
வாசகர், ராயபுரம்

பதில்: பாய் தூஜ். குஜராத்தியில் பாய் பீஜ் என்பார்கள். தீபாவளி அமாவாசை கழிந்த துவிதியை. யமன் தன் தங்கை யமுனை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்ட நாள் என்பதால் யம துவிதியை என்றும் பெயர் உண்டு. இதில் அண்ணன் தம்பிதான் கிளம்பி அக்கா தங்கை வீட்டுக்குப் போக வேண்டும், அவள் திலகம் வைத்துச் சாப்பாடு போடுவாள். உயிரை எடுக்கிற யமனுக்கே தங்கை வீட்டுக்குப் போய் உட்கார நேரம் கிடைத்திருக்கிறது, நம் அண்ணன்மார்களும் போகலாம்.

கேள்வி: ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டோம், மொட்டை மாடியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு மறுநாள் கூடப் பிறந்தவர்களுக்காகக் காக்காய்க்கு வைக்கிற கனுப்பிடியை எங்கே வைப்பது?
வாசகி, பெரம்பூர்

பதில்: சாவியை முந்தின நாளே கேட்டு வாங்குங்கள், கிடைக்கவில்லை என்றால் பால்கனி போதும். மஞ்சள் இலை, மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம், உங்கள் வீட்டில் எது வழக்கமோ அது. குளிப்பதற்கு முன்னால் வைத்து, "கனுப்பிடி வச்சேன் காக்காப்பிடி வச்சேன்" என்று கூடப் பிறந்தவர்களை நினைத்துச் சொன்னால் சரி.

கேள்வி: தண்டையார்பேட்டையில் அப்பா சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மாவும் அண்ணனும் அங்கே இருக்கிறார்கள். அண்ணன் வருஷம் தவறாமல் பொங்கல் சீர் கொண்டுவந்து கொடுப்பவர். இப்போது என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். போடாவிட்டால் சீர் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, வியாசர்பாடி

பதில்: சகோதரி, பயந்துகொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். சீர் அண்ணனின் அன்பு, பங்கு அப்பாவின் சொத்து, இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அப்பா சொந்தமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் போயிருந்தால், 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே அம்மாவுக்கும் அண்ணனுக்கும் உங்களுக்கும் சம பங்கு, அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு தர தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் கொண்டுவந்தது, 2005-இல் நாடு முழுக்க வந்தது, அந்த உரிமை பிறப்பால் வருவது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம் என்பதால் எல்லாம் பங்கு போய்விடாது.

அதற்காக அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர், வீட்டின் மேல் கடன் வாங்க நினைத்திருக்கலாம், யாரோ "தங்கச்சி கையெழுத்து இருந்தா வேலை சுலபம்" என்று சொல்லியிருக்கலாம். எதற்கு என்று நேராகக் கேளுங்கள், அம்மாவையும் உட்கார வைத்துப் பேசுங்கள். நீங்களே மனசார விட்டுக்கொடுக்க விரும்பினால் அது உங்கள் இஷ்டம், ஆனால் பதிவான விடுதலைப் பத்திரத்தை அப்புறம் ரத்து செய்வது ரொம்பக் கஷ்டம். அதனால் பத்திரத்தின் நகலை முதலில் கையில் வாங்குங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்தில் போய் விசாரியுங்கள், பத்திரத்தைப் படித்துச் சொல்ல ஒரு வழக்கறிஞர் கிடைப்பார். அதுவரை அண்ணன் சீர் கொண்டுவந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள், கனுப்பிடியும் அவர் பெயரைச் சொல்லியே வையுங்கள்.