உகாண்டா பயணம்: மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்

சகோ, அடுத்த மாதம் அம்மாவோடு கம்பாலா போகிறோம், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடலூரிலேயே, மஞ்சக்குப்பம் கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே போட்டால் செல்லாது. அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, ஊசி போட்டதற்கான சர்வதேசச் சான்றிதழான மஞ்சள் அட்டையை வாங்க வேண்டும். சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. எந்த நாளில் போடுகிறார்கள் என்று போனில் கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டோடு பஸ் ஏறுங்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். அப்புறம் ஆயுளுக்கும் போதும்.

அம்மாவுக்கு 64 என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இது உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசி. 60 தாண்டி முதல்முறை போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு அபூர்வம்தான், ஆனாலும் இளையவர்களைவிடக் கூடுதல். முட்டை அலர்ஜி, ஸ்டீராய்டு மாத்திரை எதுவானாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மலேரியாவுக்கு ‘நாம பார்க்காத கொசுவா’ என்று இருந்துவிடாதீர்கள். அங்கே பரவுவது பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகை, ஆளையே சாய்த்துவிடும். மலேரியா வராமல் தடுக்க டாக்டர் டாக்ஸிசைக்ளின் மாத்திரை எழுதினால், கிளம்ப ஓரிரு நாள் முன்பு தொடங்கி, ஊர் திரும்பியும் 4 வாரம் தினமும் போட வேண்டும். வந்தாச்சே என்று நிறுத்தக் கூடாது. டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளையும் கேளுங்கள். அவை உள்ளூரிலேயே கிடைக்கும்.

திரும்பிய பின் காய்ச்சல் அடித்தால், டெங்குவாக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டாமல், உகாண்டா போனதைச் சொல்லி அன்றைக்கே மலேரியா ரத்தப் பரிசோதனை எடுங்கள்.