கறள் பிடித்த காஸ் பார்பிக்யூ அடுப்பு: ஒட்டுப் போடலாமா, மாற்ற வேண்டுமா?

கேள்வி: நாங்கள் ஸ்காபரோவில் வசிக்கிறோம். 11 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, மூன்று பர்னர்கள் கொண்ட புரொப்பேன் பார்பிக்யூ அடுப்பு எங்களிடம் இருக்கிறது. இந்த வசந்த காலத்தில் உறையை நீக்கிப் பார்த்தபோது, பர்னர்கள் அமர்ந்திருக்கும் அடுப்புப் பெட்டியின் அடித்தகட்டைக் கறள் அரித்து, உள்ளங்கை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. பின்சுவரின் இடது மூலையிலும் தகடு உதிர்கிறது. மூடியும் சக்கரத் தாங்கியும் நன்றாகவே உள்ளன. தகரத்தை வெட்டி வைத்து, வெப்பம் தாங்கும் சீமெந்தால் பூசிவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும் என்று என் மைத்துனர் சொல்கிறார். அவ்வாறு செய்யலாமா?

பதில்: அடித்தகட்டில் உள்ள ஓட்டையை முறையாக அடைக்கலாம். ஆனால், பின்சுவர் மூலை பர்னரைத் தாங்கும் இடமாக இருந்தால், அதற்கு ஒட்டுப் போடக் கூடாது. உங்கள் கேள்விக்கான விடை முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

அடுப்புப் பெட்டியை நெருப்பைச் சுற்றியுள்ள வெறும் கூடு என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில், பர்னர்களை அவற்றுக்குரிய இடத்திலிருந்து அசையாமல் பிடித்திருப்பதும் அந்தப் பெட்டியே. பெரும்பாலான அடுப்புகளில் பர்னர் குழாயின் முன்முனை, குமிழுக்குப் பின்னால் உள்ள காஸ் வால்வுடன் திருகிப் பொருத்தப்பட்டிருப்பதில்லை. வால்வின் நுனியில் உள்ள சிறு துவாரத்தின் மேல் தளர்வாகச் செருகப்பட்டிருக்கும், ஏனெனில் காஸுடன் காற்றும் கலந்து உள்ளே செல்வதற்கு அந்த இடைவெளி தேவை. பின்முனையோ பெட்டியின் பின்சுவரில் ஒரு திருகாணியிலோ கொக்கியிலோ நிற்கும். அந்தச் சுவர் கறள் பிடித்து இளகினால் பர்னரின் பின்முனை இறங்கும். இறங்கும்போது முன்முனை வால்வின் நுனியை விட்டு விலகும். அதன் பின்னர் காஸ் குழாய்க்குள் போகாமல், நீங்கள் கைவைத்துத் திருகும் குமிழ்களுக்குப் பின்னால் வெளியேறி அங்கேயே தீப்பற்றக்கூடும். இதனால்தான் அடித்தகட்டில் உள்ள பெரிய ஓட்டையைவிடப் பின்சுவரில் உள்ள சிறிய உதிர்வு என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது.

ஆகவே, எதையும் வாங்குவதற்கு முன்பு முழுமையாகப் பரிசோதியுங்கள். சிலிண்டரின் வால்வை மூடி, அதைக் கழற்றி வெளியே தள்ளி வையுங்கள். கம்பித் தட்டுகள், பர்னர்களுக்கு மேல் இருக்கும் வெப்பத் தகடுகள், பர்னர்கள் ஆகிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பெட்டியின் உட்புறத்தில் படிந்துள்ள கொழுப்பையும் கரியையும் பிளாஸ்டிக் சுரண்டியால் சுரண்டி, சோப்பு நீரால் கழுவி உலரவிடுங்கள். (மூடியின் உட்புறத்திலிருந்து கறுப்புச் செதில்கள் உதிர்ந்தால் அஞ்ச வேண்டாம். அது பெரும்பாலும் பெயின்ட் அல்ல, கரிந்து காய்ந்த கொழுப்பு.) பிறகு, ஒரு திருப்புளியின் நுனியால் தகடு முழுவதையும், குறிப்பாக மூலைகளையும் மடிப்புகளையும் பர்னர் நிற்கும் இடங்களையும், ஓரளவு அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கறள் தின்ற தகடு மந்தமாக ஒலித்து, நுனியை உள்ளே விட்டுவிடும். நுனி இறங்கும் இடங்களை எல்லாம் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு வந்தால், கண்ணுக்குத் தெரிந்த ஓட்டையைவிடச் சேதம் எவ்வளவு பெரியது என்பது புலப்படும்.

இந்தக் குறிகள் பின்சுவரின் பர்னர் தாங்கிகளை எட்டியிருந்தால், மாற்றுப் பெட்டி கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்த அடுப்பைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். தாங்கிகள் உறுதியாக இருந்து, சேதம் அடித்தகட்டில் மட்டும் என்றால், ஒட்டுப் போடுவதில் தவறில்லை. ஆனால், உங்கள் மைத்துனர் சொன்ன முறையில் அல்ல.

தகரம் என்று அவர் குறிப்பிடுவது கூரைக்குப் போடும் நாகம் (துத்தநாகம்) பூசிய தகடாக இருந்தால், அதைத் தவிர்த்துவிடுங்கள். நாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியஸில் உருகிவிடும். பர்னருக்கு அருகில் அந்தப் பூச்சு நிலைக்கும் என்று நம்ப முடியாது, அதிகமாகச் சூடேறிய நாகத்தின் புகை உடலுக்குக் கெடுதியானது, அதிலும் நாம் உணவு சமைக்கும் பெட்டிக்குள் அது இருக்கவே கூடாது. உலை சீமெந்து வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால், காய்ந்தபின் அது வளைந்து கொடுக்காது. மெல்லிய உருக்குத் தகடோ ஒவ்வொரு முறை சூடேறும்போதும் விரிந்து, ஆறும்போது சுருங்கும். சில வாரங்களிலேயே சீமெந்து வெடித்துக் கொழுப்புத் தட்டில் உதிரும். மயிரிழை இடைவெளியை நிரப்ப அது உதவும், உள்ளங்கை அளவு ஓட்டையை மூட உதவாது. உலோகத்தை ஒட்டுவதற்கென்று விற்கப்படும் சாதாரண எப்பொக்சிப் பசைகளும் சுமார் 300 பாகைக்கு மேல் தாங்குவதில்லை. காய்ச்சி ஒட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். கறள் தின்று மெலிந்த தகட்டில் வெல்டிங் செய்தால் ஓட்டை பெரிதாகுமே தவிர மூடாது.

304 வகைத் துருப்பிடிக்காத உருக்கில், ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டை வாங்குங்கள். ஓட்டையின் ஓரத்திலிருந்து அல்ல, நல்ல தகடு தொடங்கும் இடத்திலிருந்து எல்லாப் பக்கமும் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் கூடுதலாக வரும்படி வெட்டி, துருப்பிடிக்காத உருக்குத் திருகாணிகளால் அதை இறுக்க வேண்டும். அலுமினிய ரிவெட் ஆணிகள் மலிவானவை, ஆனால் இந்த வெப்பத்தில் அவை வலுவிழக்கும். ஒட்டுத் தகட்டை வைக்கும்போது கூரைக்கு ஓடு வேய்வதை நினைத்துக்கொள்ளுங்கள்: சரிவின் மேற்புறத்தில் உள்ள தகடு, கீழ்ப்புறத் தகட்டின் மீது படிய வேண்டும், அப்போதுதான் வடியும் கொழுப்பு விளிம்பில் தேங்காமல் கொழுப்புத் தட்டை அடையும். தேங்கிய கொழுப்பு இன்னோர் நாள் தீப்பிடிக்கும்.

எல்லாத் துளைகளும் கறளால் வந்தவை அல்ல என்பதையும் மறந்துவிடாதீர்கள். பெட்டியின் அடியிலும் பின்னாலும் தயாரிப்பாளரே விட்டிருக்கும் திறப்புகள் காற்று உட்புகுவதற்கும், பற்றாத காஸ் கீழே வெளியேறுவதற்கும் உரியவை. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, ஆகவே அது அடியில்தான் தங்கும். ஒட்டுத் தகட்டால் அந்தத் திறப்புகளை மூடிவிட்டால், பழுதைத் திருத்தப் போய் வெடிக்கும் பெட்டியொன்றைச் செய்தவர்கள் ஆவோம். இதே காரணத்துக்காகவே பெட்டியின் அடியில் அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கத்தையும் நான் எதிர்க்கிறேன். அது காற்றை அடைக்கும், கொழுப்பையும் தேக்கும். வெப்பம் தாங்கும் பெயின்ட்டைப் பெட்டியின் வெளிப்புறத்துக்கு மட்டும் அடியுங்கள்.

வேலை முடிந்து பர்னர்களைப் பொருத்தியபின், ஒவ்வொரு குழாயின் முன்முனையும் வால்வு நுனியை முழுமையாக உள்வாங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சிலிண்டரை இணைத்து, குமிழ்கள் மூடியிருக்க சிலிண்டரின் வால்வைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று கவனியுங்கள். மூடியைத் திறந்து வைத்தே பற்ற வையுங்கள். சுவாலை நீலமாகவும் சீராகவும் இருக்க வேண்டும். குமிழ்ப் பலகை வழக்கத்துக்கு மாறாகச் சூடேறினால் உடனே அணைத்துவிடுங்கள்.

இனிச் செலவு. அடுப்புக்கு 11 வயதாகிவிட்டது. பெட்டி இந்த நிலையில் இருந்தால், பர்னர்களும் வெப்பத் தகடுகளும் மாற்ற வேண்டியவையாகவே இருக்கக்கூடும். இவை அனைத்தின் விலையையும் கூட்டுங்கள். அதே தரத்தில் ஒரு புதிய அடுப்பின் விலையில் பாதியை அது தாண்டினால், புதியதை வாங்குவதே நல்லது என்பது என் கருத்து. நல்ல மூடியும் தாங்கியும் வீணாகின்றனவே என்ற ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆயினும் நெருப்பைப் பிடித்திருப்பது அவை அல்ல.

கேள்வி: எங்கள் அடுப்புக்கு நான்கு வயதுதான். பெட்டிக்குப் பத்தாண்டு உத்தரவாதம் என்று எழுதியிருந்தது. இப்போது கறளைக் காட்டி முறையிட்டால், உத்தரவாதம் இதற்குப் பொருந்தாது என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: உத்தரவாதத் தாளை மீண்டும் சொல்லுக்குச் சொல் படியுங்கள். பல தயாரிப்பாளர்கள் பெட்டிக்குத் தரும் உத்தரவாதம், கறள் ஊடுருவி ஓட்டை விழுவதற்கு மட்டுமே. மேற்பரப்புக் கறளையும் நிறமாற்றத்தையும் அவர்கள் வெளிப்படையாகவே விலக்கிவிடுகிறார்கள். உங்கள் பெட்டியில் இருப்பது மேற்பரப்புக் கறள் என்றால், அவர்கள் சொல்வதில் பிழை காண்பது கடினம். தகடு ஊடுருவப்பட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது, பெட்டியைச் சுத்தம் செய்து, ஓட்டையின் ஊடாக வெளிச்சம் தெரியும்படி படம் எடுத்து, பற்றுச்சீட்டையும் அடுப்பில் ஒட்டப்பட்டுள்ள தகட்டில் உள்ள மாதிரி எண்ணையும் தொடர் எண்ணையும் சேர்த்து எழுத்து மூலம் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசுவதோடு நின்றுவிடாதீர்கள். உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கே உரியது என்றும், அனுப்பும் செலவு உங்களுடையது என்றும் தாளில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

ஒன்ராறியோவில் 2002ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொருள் விற்பனைச் சட்டம் வாங்குபவருக்கு அளிக்கும் உள்ளார்ந்த நிபந்தனைகளை (பொருள் தரமானதாக இருக்க வேண்டும் என்பது போன்று, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கியதாகக் கொள்ளப்படுபவற்றை) விற்பனையாளர் ஒப்பந்தத்தில் எழுதி மறுத்துவிட முடியாது. ஆகவே, நான்கே ஆண்டுகளில் ஓட்டை விழுந்த பெட்டியைப் பற்றித் தயாரிப்பாளரிடம் மட்டுமன்றி, விற்ற கடையிடமும் கேட்பதற்கு உங்களுக்கு இடமுண்டு.

கேள்வி: புதிய அடுப்பு வாங்குவதென்றால் பெட்டியில் எதைக் கவனிக்க வேண்டும்? பழையதை என்ன செய்வது?

பதில்: கடைக்கு ஒரு சிறு காந்தத்தைக் கொண்டு செல்லுங்கள். வார்ப்பு அலுமினியப் பெட்டியில் காந்தம் ஒட்டாது; அது கறள் பிடிக்காது, காலப்போக்கில் வெண்மையான பூச்சு மட்டும் படியும். எனாமல் பூசிய உருக்குப் பெட்டி, பூச்சு சிதறும்வரை நன்றாக உழைக்கும், சிதறிய இடத்திலிருந்து அரிக்கத் தொடங்கும். வெறும் பெயின்ட் பூசிய மெல்லிய தகட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடி பளபளப்பதைப் பார்த்து மயங்காமல், கம்பித் தட்டைத் தூக்கி உள்ளே பாருங்கள். பர்னரின் பின்முனை எதில் நிற்கிறது என்று கேளுங்கள். அந்தப் பெட்டி தனி உதிரிப்பாகமாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

எந்தப் பெட்டியாயினும் ஈரம்தான் எதிரி. மழையும் பனியும் மட்டுமல்ல, 1 கிலோ புரொப்பேன் எரியும்போது 1.6 கிலோ நீர் ஆவியாக உண்டாகிறது. குளிர்நாளில் அதில் ஒரு பகுதி குளிர்ந்த தகட்டில் படியும். நாம் இறைச்சிக்குத் தடவும் உப்பும் தேசிக்காயும் தயிரும் சொட்டி, அந்த ஈரத்துடன் சேர்ந்தால் அரிப்பு விரைவுபடும். சமைத்து முடித்ததும் பத்து நிமிடம் நன்றாக எரியவிட்டு, முற்றாக ஆறியபின் மட்டுமே உறை போடுங்கள். சூட்டோடு உறை போட்டால் ஆவி உள்ளேயே அடைபடும்.

பழைய அடுப்பைப் பழைய இரும்பாகக் கொடுத்துவிடலாம், சிலிண்டரை அதனுடன் விட்டுவிடாதீர்கள். வெறுமையான சிலிண்டரையும் குப்பைத் தொட்டியிலோ மீள்சுழற்சித் தொட்டியிலோ போடக் கூடாது. ரொறன்ரோவில் மாநகரசபையின் கழிவு ஒப்படைப்பு நிலையங்களில் அதைப் பெற்றுக்கொள்கிறார்கள். புதிய அடுப்புக்கு அதையே பயன்படுத்த நினைத்தால், கழுத்து வளையத்தில் பொறிக்கப்பட்டுள்ள திகதியைப் பாருங்கள். கனடாவில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலிண்டர் மறுபரிசோதனை செய்யப்பட வேண்டும். காலம் கடந்ததை நிரப்ப மறுத்துவிடுவார்கள்.