விண்டேஜ் கேப் கிளாசிக் என்றால் என்ன, எப்படி ருசிப்பது?

டர்பனில் நம் வீட்டு விசேஷங்களிலும் இப்போது கேப் கிளாசிக் திறக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பாட்டிலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்துக் குமிழி வரவைக்கும் ஒயின் அது. லேபிளில் ஆண்டு போட்டிருந்தால் அது விண்டேஜ்: இங்குள்ள சட்டப்படி குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டு அறுவடை.

ஆண்டு போடாததில் பல வருஷத்து ஒயினைக் கலந்து ருசியை ஒரே மாதிரி வைப்பார்கள். சொந்தத் தோட்டத்துப் பழத்தில் செய்யும் சிறு விவசாயியின் விண்டேஜில் அந்த வருஷத்து வெயிலும் மழையும் தெரியும். அம்மா போடும் மாங்காய் அச்சார் மாதிரிதான்: அதே கை, அதே மசாலா, ஆனால் காய் எப்படியோ அப்படித்தான் அந்த வருஷத்து ருசி. எனக்கு மிகவும் பிடித்தது இந்த வித்தியாசம்தான்.

வேலை முடிந்த ஈஸ்ட் பாட்டிலில் படிந்து மெல்லச் சிதையும்போது சுட்ட ரொட்டி வாசனை சேர்கிறது. சரி, அது தெரிய வேண்டுமென்றால் ரொம்பக் குளிரவைக்காதீர்கள். 10 டிகிரி போதும். ஒல்லியான கிளாஸை விட வயிறு அகன்ற ஒயின் கிளாஸ் நல்லது. ஒரு வாய் குடித்துப் பத்து நிமிஷம் விட்டு, அப்புறம் மறுபடி முகர்ந்து பாருங்கள்.

விண்டேஜ் என்றால் ரொம்பப் பழையது என்று பலர் நினைக்கிறார்கள். அது அறுவடை ஆண்டைத்தான் சொல்கிறது, வயதை அல்ல.