பழைய எஸ்எம்பிஎஸ்ஸ புது பிசில மாட்டலாமா?

கேள்வி: அண்ணா, முதல் தடவையா வீட்லயே டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணப்போறேன். ரைசன் 5 7600 ப்ராசஸர், பி650 மதர்போர்டு, ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி எஸ்எஸ்டி எல்லாம் புதுசு. பழைய சிஸ்டத்துல இருக்க 16 ஜிபி டிடிஆர்4 ரேமையும், ஏழு வருஷமா ஓடுற 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸையும் (பவர் சப்ளை டப்பா) கழட்டி இதுல போட்டா காசு மிச்சமாகும்ல?

பதில்: ரேம் ஆகவே ஆகாது தம்பி. 7600 உக்கார்ற ஏஎம்5 சாக்கெட் 2022ல வந்ததுலேர்ந்தே டிடிஆர்5 மட்டும்தான், டிடிஆர்4 போடுற ஏஎம்5 போர்டுனு ஒண்ணு கிடையாது, ரேம் குச்சில இருக்க வெட்டே வேற எடத்துல இருக்கும், அழுத்திப் பாக்காதீங்க ஸ்லாட் போயிடும். பழைய ரேம பழைய போர்டோடயே சேத்து வித்துடுங்க.

எஸ்எம்பிஎஸ் விஷயத்துலதான் நெறைய பேர் ஏமாந்துபோறாங்க. கணக்கு போட்டா 450 தாராளம்னு தோணும், 4060 எடுக்குறது 115 வாட், 7600 முழுசா ஓடுறப்போ 88 வாட், மத்ததெல்லாம் சேத்தாலும் 300 தாண்டாது. ஆனா டப்பா மேல போட்டிருக்க 450 எல்லா லைனும் சேர்ந்த மொத்தம், ப்ராசஸரும் கார்டும் கரண்ட் எடுக்குறது பெரும்பாலும் 12 வோல்ட் லைன்லேர்ந்து. ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு பாத்து 12ஆல பெருக்குங்க, 25 ஆம்பியர்தான்னா உங்ககிட்ட நெஜமா இருக்கறது 300 வாட். அதுவும் ஏழு வருஷம் சூட்டுல கெடந்த கெப்பாசிட்டர், புதுசுல குடுத்த பவர இப்போ குடுக்காது. கேம் நடுவுல சட்டுனு ஆஃப் ஆகி ரீஸ்டார்ட் ஆகும், நீங்க கார்டுதான் கோளாறுனு அலைவீங்க. 4060க்கு என்விடியாவே 550 வாட் சொல்றாங்க, அதனால நல்ல 550 இல்ல 650 புதுசா வாங்குங்க, காசு பத்தலேன்னா எஸ்எஸ்டிய 500 ஜிபியா கொறச்சுக்கங்க, அத பின்னாடி இன்னொண்ணு சேத்துக்கலாம். டப்பா மேல போட்டிருக்க 80 ப்ளஸ் ப்ரான்ஸ், கோல்டுன்றது கரண்ட் எவ்ளோ வீணாகாம மாறுதுங்கறதுக்கு மட்டும்தான், தரத்துக்கு கேரண்டி இல்ல. நான் மொதல்ல பாக்குறது வாரண்டி எத்தனை வருஷம்ங்கறததான், அஞ்சு வருஷத்துக்கு மேல தர்றவன் உள்ள மட்டமான பார்ட்ஸ் வெக்க யோசிப்பான்.

இன்னொண்ணு, இத தயவுசெஞ்சு மறக்காதீங்க. புது எஸ்எம்பிஎஸ் மாடுலர் டைப்பா (கேபிள தனியா கழட்டி மாட்டுறது) இருந்தா அதோட வந்த கேபிளத்தான் மாட்டணும். கனெக்டர் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா எஸ்எம்பிஎஸ் பக்கத்துல பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒரே கம்பெனிலயே மாடலுக்கு மாடல் மாறும். நான் ஒருதடவை ஏற்கனவே உள்ள ஓட்டி வெச்ச கேபிள்தானேன்னு பழசையே புது எஸ்எம்பிஎஸ்ல சொருகி ஆன் பண்ணேன், ரெண்டு ஹார்ட்டிஸ்க் அந்த நிமிஷமே போச்சு, அதுல இருந்த வீட்டு போட்டோ எதுவும் திரும்பக் கெடைக்கல. அந்த வருத்தம் இன்னும் இருக்கு, அதான் கேக்குறவங்க எல்லார்ட்டயும் சொல்றேன்.

கேள்வி: அப்போ டிடிஆர்5 வாங்கறப்போ 32 ஜிபி ஒரே குச்சியா, 16 ரெண்டா?

பதில்: ரெண்டுதான். ஒண்ணுன்னா பாதி வழிலதான் டேட்டா போகும், கேம்ல எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை படம் வருதுங்கறது) கொறயறது கண்ணுக்கே தெரியும். செட்டா வர்ற கிட் வாங்குங்க, 6000 ஸ்பீடு, எக்ஸ்போனு (ரேம அதோட முழு ஸ்பீடுல ஓட்டுற ஏஎம்டி செட்டிங்) போட்டிருக்கணும். நாலு ஸ்லாட் இருந்தா ப்ராசஸர் பக்கத்துலேர்ந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதும். பயாஸ்ல (போர்டோட செட்டிங்ஸ் பக்கம்) போய் எக்ஸ்போ ஆன் பண்ணாட்டி 6000க்கு காசு குடுத்துட்டு 4800லயே ஓட்டிட்டிருப்பீங்க.

அப்புறம் மொத தடவை ஆன் பண்ணா ஸ்க்ரீன் கருப்பாவே நிக்கும், ஃபேன் மட்டும் சுத்தும். போர்டு ரேம பழகிக்குது, சில நிமிஷம் ஆகலாம், பயந்துபோய் பவர ஆஃப் பண்ணிடாதீங்க. பத்து நிமிஷம் தாண்டியும் ஒண்ணும் வரலேன்னா மட்டும் ஆஃப் பண்ணிட்டு ஒரே ஒரு குச்சிய ரெண்டாவது ஸ்லாட்ல வெச்சுப் பாருங்க.