ஒரே இரவில் ஐந்து பார்

அன்புள்ள ஐயா,
நண்பர்கள் நாலு பேர் மார்ச்சில் செக் நாட்டின் தலைநகர் பிராக் போகிறோம். ஒரே இரவில் ஐந்து பார்களுக்குக் கூட்டிப்போகிற குழுவில் சேரலாமா? எந்த பார் நல்லது? என்ன உடுத்துவது, எவ்வளவு செலவாகும்?
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உடுப்பு குளிரைத் தாங்கினால் போதும். செலவு உங்கள் கையில். அந்த ஐந்து பார்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இரவு 10 மணிக்கு மேல் அப்படிக் கூட்டிப்போவதை 2024ல் நகராட்சியே தடை செய்துவிட்டது. சட்டத்தை விடுங்கள், ஒரு கடையில் அரைமணி நேரம் நின்றால் என்ன தெரியும் உங்களுக்கு?

பழைய நகரத்தில் ஹுசோவா தெருவில் 'தங்கப் புலி' என்று ஒரு பப் இருக்கிறது. 1994ல் செக் அதிபர் ஹாவெல், அமெரிக்க அதிபர் கிளின்டனை அங்கேதான் அழைத்துப்போனார், ஏனென்றால் அந்த ஊரில் பப் என்பது நம் ஊர் திண்ணை மாதிரி. நான் போனது பெயர் தெரியாத ஒரு சின்னக் கடை. காலி மேசை கிடையாது, "யே து வோல்னோ?" (இங்கே இடம் இருக்கிறதா?) என்று கேட்டுவிட்டு ஒரு பெரியவர் எதிரில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் ஓர் அட்டையைப் போட்டு, அதன்மேல் பீரை வைத்து, துண்டுச்சீட்டில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். குடித்து முடித்தால் கேட்காமலே அடுத்தது வருகிறது, இன்னொரு கோடு. நாலாவது கோட்டில் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தேன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, என் அட்டையை எடுத்து கிளாஸின் வாயில் மூடினார். அவ்வளவுதான், பரிமாறுகிறவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். இதை எந்தக் குழு உங்களுக்குக் காட்டும்?

அப்புறம் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். 11 மணிக்கு வெளியே வந்து, கூட வந்தவர்களோடு தெருவில் நின்று உரக்கப் பேசிக்கொண்டிருந்தேன். மாடி ஜன்னல் ஒன்று திறந்தது. தோளில் குழந்தையோடு ஒரு பெண். திட்டக்கூட இல்லை, பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பகலில் நான் போட்டோ எடுத்த சுவர் அது, அதற்குப் பின்னால் ஒருத்தி பிள்ளையைத் தூங்கவைக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. குழு குழுவாகப் போய் இரவெல்லாம் கத்தினால் அவளைப் போன்றவர்கள் வீட்டைக் காலி செய்து போவார்கள், மிஞ்சுவது விடுதிகளும் உங்களைப் போன்ற விருந்தாளிகளும்தான். அப்புறம் யாருடைய ஊரைப் பார்க்கப் போகிறீர்கள்?

சாயங்காலம் 5 மணிக்கே ஒரு கடையில் போய் உட்காருங்கள், நாலு பேரும். போதும் என்று தோன்றினால் அட்டையால் கிளாஸை மூடுங்கள். நேரமாகிவிட்டால் பயப்பட வேண்டாம், இரவு டிராம்கள் எல்லாம் லாசார்ஸ்கா நிறுத்தத்தில் வந்து சேரும். அதுவரை மெதுவாகப் பேசிக்கொண்டு நடங்கள்.