திறந்த கால் முறிவு: மூன்றாம் நாளே ஆன்டிபயாடிக்கை நிறுத்தியது சரியா?

தோல் கிழிந்து காயத்தோடு கால் எலும்பு முறிந்த (திறந்த முறிவு) உங்கள் தம்பிக்கு மூன்றாம் நாளே ஆன்டிபயாடிக் ஊசியை நிறுத்திவிட்டார்கள், கட்டும் நனைகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஊசியை நிறுத்தியதற்குப் பயப்பட வேண்டாம். எலும்பு வெளியே தெரியும் கடுமையான முறிவுக்கும், காயத்தை மூடும் வரை அல்லது 72 மணி நேரம், இதில் எது முந்துகிறதோ அதுவரை கொடுப்பதுதான் பரவலான நடைமுறை. நீட்டித்தால் பாதுகாப்பு கூடுவதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள்தான் வளரும்.

கிருமியைத் தடுப்பதில் பெரும்பங்கு அறுவை அரங்கில் நடக்கும் சுத்தத்துக்குத்தான்: செத்த தசை, உயிரற்ற எலும்புத் துண்டு, மண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு உப்புநீரில் நிறையக் கழுவுவது. கட்டு நனைகிறது என்றீர்களே, ஆரம்ப நாட்களில் இளஞ்சிவப்பாக, நீர்த்துக் கசிந்தால் பெரும்பாலும் அது வெறும் காயநீர்தான்.

கட்டைப் பிரிக்காமல், கசிவு நாளுக்கு நாள் குறைகிறதா என்று பாருங்கள். கெட்டியாக, நாற்றத்தோடு வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிவப்பு பரவினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கால்விரலை லேசாக நீட்டினாலே உயிர்போகிற வலி என்றால் அது வேறு விவகாரம், காலின் தசைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம்; நள்ளிரவானாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஒன்று மட்டும்: காயம் இன்னும் திறந்தே இருந்தால், எப்போது மூடப்போகிறார்கள் என்று கேளுங்கள். அது தள்ளிப்போவதுதான் எனக்குக் கவலை. சர்க்கரை நோய் இருந்தாலோ, சாக்கடை மண் பட்டிருந்தாலோ மருந்துக் கணக்கு மாறலாம். அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அப்புறம், சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.